ஆத்தங்குடி கல்லு மேல க்யூஆர் ஸ்கேன்: என் அனுபவம்

காரைக்குடில சொந்தக்கார ஆச்சி ஒருத்தங்க முறுக்கு, சீப்பு சீடைன்னு பலகாரம் போட்டு வெளியூருக்கு அனுப்புறாங்க, டப்பா வண்டில ஏறும்போது ஒரு பழைய ஆண்ட்ராய்ட் போன் கேமராவே டப்பா மேல இருக்க க்யூஆர் ஸ்டிக்கர படிச்சு எண்ணணும், அவ்ளோதான் கேட்டது. ஆனா போன் கொதிக்குது, ஒரே டப்பாவ ரெண்டு தடவ எண்ணுது. "என்னப்பு, இது எண்ணுதா இல்ல வேடிக்க பாக்குதா"ன்னு ஆச்சி வேற.

பிரச்சன தரைல இருந்துச்சு. க்யூஆர்ல மூணு மூலைலயும் கட்டத்துக்குள்ள கட்டம் இருக்கும்ல, குறுக்க கோடு போட்டா கருப்பு வெள்ளை 1:1:3:1:1 அளவுல வரும், அதத்தான் டிடெக்டர், அதாவது படத்துல க்யூஆர் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கிற ப்ரோக்ராம், தேடும். ஆச்சி வீட்டுத் தரைல பதிச்சிருக்க ஆத்தங்குடி கல்லுலயும் (டிசைன் போட்ட டைல்ஸ்) கட்டத்துக்குள்ள கட்டம், போதாததுக்கு கண்ணாடி மாதிரி பளபளப்பு வேற, பாவம் அது என்ன பண்ணும்! டப்பா போற பாதைல ஒரு கோரப்பாய விரிச்சேன், பாதி தொல்ல போச்சு.

அப்புறம் ப்ரோக்ராம் கோட். கேமரா வீடியோல வர ஒவ்வொரு ஃப்ரேமையும் (ஒவ்வொரு படத்தையும்) முழுசா அலசுறது வீண் வேல. படத்த பாதியா சுருக்கி கருப்பு வெள்ளைல இடத்த மட்டும் கண்டுபிடிச்சு, அந்தத் துண்ட மட்டும் ஒரிஜினல் சைஸ்ல படிக்க விட்டேன், ஒருதடவ படிச்சிட்டா ஸ்டிக்கரோட நாலு மூலைய ஆப்டிக்கல் ஃப்ளோ (அடுத்தடுத்த படத்துல ஒரு புள்ளி எங்க நகருதுன்னு கணக்கு போடுற முறை) வச்சு தொடர்ந்துகிட்டே வந்தா போதும், திரும்ப படிக்கத் தேவையில்ல. 10 ஃப்ரேமுக்கு ஒருக்கா முழுசா தேடினா புது டப்பாவும் மாட்டிடும். ஸ்டிக்கர்ல டப்பாக்கு ஒரு நம்பர் இருக்கு, அதனால வந்ததே வந்தா எண்ணிக்க ஏறாது.

ஷட்டர் ஸ்பீட ஏத்தி ஒரு ட்யூப்லைட்ட பக்கவாட்டுல போட்டுக்கங்க, ரொம்ப கலங்கின படத்த க்யூஆர் படிக்கிற எந்த லைப்ரரியும் (ரெடிமேட் ப்ரோக்ராம்) சரியா படிக்காது.