சேலத்தில் ரோடு, வீடு, பஸ் கேட்டுக் கொடுக்கும் மனுக்கள் ஏன் நகர்வதில்லை?

ஏற்காட்டில் குடியிருப்பவர்கள் எம்.பி.யைப் பார்க்க வேண்டுமென்றால் சேலம் எம்.பி. அலுவலகத்துக்குப் போகிறார்கள். ஏற்காடு சட்டமன்றத் தொகுதி இருப்பது கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியில். ஆத்தூரும் கெங்கவல்லியும் அப்படித்தான். தொகுதி மாறி வந்த மனுவை யாரும் முகத்துக்கு நேரே மறுக்க மாட்டார்கள். வாங்கி வைத்துக்கொள்வார்கள், அதோடு சரி.

ஆள் மாறிப் போவதுதான் எல்லாத் தவறுகளிலும் பெரியது. நகரத்துக்குள்ளும் இது நடக்கிறது. கன்னங்குறிச்சி பார்வைக்குச் சேலத்தோடு ஒட்டிய பகுதிதான், ஆனால் தனிப் பேரூராட்சி. அங்கே சாக்கடை அடைத்தால் மாநகராட்சியிடம் சொல்லிப் பயனில்லை. மாநகராட்சிக்குள் 60 வார்டுகள், சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என்று 4 மண்டலங்கள். மனுவின் முதல் வரியிலேயே வார்டு எண்ணும் மண்டலமும் இருக்கட்டும். சொத்து வரி ரசீதில் வார்டு எண் இருக்கும்.

அடுத்து, ரோடு யாருடையது என்று பார்க்க வேண்டும். வீட்டு வாசல் தெரு, சாக்கடை, தெருவிளக்கு, குடிநீர் என்றால் கவுன்சிலர். பெரிய ரோடாக இருந்தால் கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். தலையில் மஞ்சள் அடித்திருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏற்காடு மலைப்பாதை மாநில நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. அங்கே தடுப்புச்சுவர் இடிந்தால் எம்.எல்.ஏ.வுக்கும் நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளருக்கும் மனு போக வேண்டும். முள்ளுவாடி கேட் மாதிரி தண்டவாளம் குறுக்கே ஓடும் இடங்களில் சிக்கல் இரட்டிப்பு. மேம்பாலம் கேட்டால், தண்டவாளத்துக்கு மேலே வரும் பகுதி ரயில்வேயுடையது, இரு பக்க அணுகுசாலை மாநில அரசுடையது. எம்.பி.யை மட்டும் பார்த்தால் பாதி வேலை, எம்.எல்.ஏ.வை மட்டும் பார்த்தாலும் பாதி வேலை. இருவருக்கும் ஒரே நாளில் கொடுத்து, ஒருவர் மனுவின் நகலை மற்றவர் மனுவோடு இணைத்துவிடுங்கள்.

புது லேஅவுட்டில் ரோடு கேட்பவர்கள் கவனிக்காமல் விடுவது

ஊருக்கு வெளியே மனை வாங்கி வீடு கட்டிக் குடிவந்தவர்கள் சங்கம் அமைத்து, கையெழுத்து வாங்கி, கவுன்சிலரைப் பார்ப்பார்கள். அவரும் "செஞ்சு தந்துடலாங்க" என்று உதவிப் பொறியாளரை (ஏ.இ.) அனுப்புவார். ஏ.இ. கேட்கும் முதல் கேள்வி: "ரோட்டை எழுதிக் கொடுத்தாச்சா?" பலருக்கும் அந்தக் கேள்வியே புரிவதில்லை.

லேஅவுட் அங்கீகாரம் பெறும்போது, உள்ளே இருக்கும் ரோடுகளையும் பூங்கா இடத்தையும் மனை போட்டவர் (நிலத்தை மனையாகப் பிரித்து விற்றவர்) உள்ளாட்சி அமைப்புக்குப் பதிவு செய்த தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காதவரை அது தனியார் நிலம். அதில் மாநகராட்சிப் பணமும் போட முடியாது, எம்.எல்.ஏ. நிதியும் போட முடியாது. எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், எம்.பி. நிதி 5 கோடி. ஆனால் அவர்கள் பரிந்துரைக்கத்தான் முடியும். எஸ்டிமேட் போட்டு, நிர்வாக அனுமதி கொடுப்பது மாவட்ட நிர்வாகம். நிலம் யார் பெயரில் என்ற கேள்வியில் கோப்பு அங்கேயே திரும்பிவிடும்.

ஆகவே கவுன்சிலரைப் பார்க்கும் முன்பே லேஅவுட்டின் புல எண்ணுக்கு வில்லங்கச் சான்று போடுங்கள். தானப் பத்திரம் பதிவாகியிருந்தால் அதில் தெரியும். பத்திர எண்ணைக் குறித்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கி மனுவோடு இணையுங்கள். பதிவாகவில்லை என்றால் கேட்க வேண்டியது ரோடு அல்ல. மனை போட்டவரிடமிருந்து ஒப்படைப்பு வாங்கித் தரும்படி கேட்க வேண்டும். அங்கீகாரமே இல்லாத மனைகளை முறைப்படுத்த 2017 வரன்முறை விதிகள் உண்டு. 2016 அக்டோபர் 20 வரை பதிவானவற்றுக்குத்தான் அவை பொருந்தும். பூங்கா இடத்தையும் இதே கையோடு பாருங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட்டில் ரோடு போக 10 சதவீதம் திறந்தவெளியாக விட்டிருக்க வேண்டும். அது மனையாக விற்கப்பட்டிருந்தால் வீடு எழும்பும் முன்பே எழுத்தில் ஆட்சேபியுங்கள். சுவர் எழும்பிய பிறகு நீதிமன்றம்தான் வழி.

ரோடு கிடைக்கப்போகிறது என்றால் இன்னொன்று. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடும்படி எழுதிக் கேளுங்கள். மேலே மேலே போட்டுக்கொண்டே போனால் ரோடு வாசற்படியை விட உயர்ந்து, அடுத்த மழைக்குத் தண்ணீர் வீட்டுக்குள் வரும்.

பட்டா

திருமணிமுத்தாறு ஓரத்திலும் ஓடைக்கரைகளிலும் பல காலமாகக் குடியிருப்பவர்கள் ஒவ்வொரு தேர்தலிலும் பட்டா கேட்கிறார்கள், ஒவ்வொரு தேர்தலிலும் சரி என்ற பதில் கிடைக்கிறது. நீர்நிலைப் புறம்போக்கில் (நீர்நிலைக்கான அரசு நிலத்தில்) பட்டா கொடுக்க எந்த எம்.எல்.ஏ.வாலும் முடியாது, நீதிமன்ற உத்தரவுகள் அப்படி. அந்த வாக்குறுதியை நம்பிக் காத்திருப்பது இந்தக் குடும்பங்களுக்குப் பெரிய அநியாயம். முதலில் நிலம் என்ன வகை என்று வருவாய்த் துறையின் நிலக் கணக்கான அ-பதிவேட்டில் பாருங்கள். ஓடை, ஏரி, வாய்க்கால் என்றிருந்தால் மாற்று இடமோ நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரிய வீடோ கேளுங்கள். கேட்கும்போதே இப்போதைய இடத்திலிருந்து எத்தனை கிலோமீட்டருக்குள், எந்தப் பள்ளிக்கூடம், எந்த பஸ் என்று நிபந்தனையாக வைத்துவிடுங்கள். நத்தம் (குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நிலம்) அல்லது ஆட்சேபணையற்ற புறம்போக்கு என்றால் பட்டா கேட்பதில் தடையில்லை.

பஸ்

"எங்கள் பகுதிக்குக் கூடுதல் பஸ் விட வேண்டும்" என்ற மனுவுக்கு "பரிசீலிக்கப்படும்" என்பதுதான் பதிலாக வரும். பணிமனையில் கணக்கு ஓடுவது சிங்கிள் என்ற அலகில். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஒரு நடை. எந்தத் தடம், எந்த நேரத்து சிங்கிள் வேண்டும் என்று கேட்டால்தான் பதில் சொல்லியாக வேண்டும். வேலை நாட்களில் ஒரு வாரம், காலை 7 முதல் 9.30 வரை ஸ்டாப்பில் நின்று, பஸ் வந்த நேரம், நிற்காமல் போனது, ஏற முடியாமல் நின்றவர்கள் எண்ணிக்கை மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். மனு இப்படி இருக்கட்டும்: "பழைய பேருந்து நிலையத்திலிருந்து எங்கள் ஊருக்குக் காலை 7.40-க்கும் 8.50-க்கும் நடுவே டவுன் பஸ் இல்லை. 8.10-க்கு ஒரு சிங்கிள் வேண்டும். கணக்கு இணைப்பில்."

தனியார் பஸ் நடையை ஓட்டாமல் கட் அடித்தால் அரசுப் போக்குவரத்துக் கழகத்திடம் சொல்வது வீண். பர்மிட்டும் நேரமும் வட்டாரப் போக்குவரத்து ஆணையம் கொடுப்பவை. அதன் தலைவர் கலெக்டர். வண்டி எண், தேதி, நேரத்தோடு அங்கே கொடுங்கள்.

காலம் தப்புவது

மாநகராட்சி பட்ஜெட் பெரும்பாலும் மார்ச்சில் வருகிறது. பிப்ரவரி கடைசியில் கேட்டால் அடுத்த வருடம்தான். நவம்பர், டிசம்பரிலேயே பகுதி சபாவில் (வார்டுக்குள் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடும் கூட்டத்தில்) பேசி, வார்டு குழுவின் பரிந்துரையில் ஏற்றிவிட வேண்டும். வார்டு குழுவின் தலைவர் கவுன்சிலரே. பேசியது நடவடிக்கைக் குறிப்பேட்டில் எழுதப்பட்டதா என்று கூட்டம் முடிந்ததும் நின்று பார்த்துவிட்டுப் போங்கள். தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் நடத்தை விதிகள் வந்துவிடும், புது வேலை எதுவும் தொடங்காது.

நகரின் நிலப் பயன்பாட்டை முடிவு செய்யும் மாஸ்டர் பிளான் வரைவு வெளியாகும்போது ஆட்சேபணைக்குக் குறைந்தது 2 மாதம் அவகாசம் உண்டு. அப்போது எம்.எல்.ஏ.விடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. புல எண்ணோடு எழுத்தில், திட்டக் குழும அலுவலகத்தில் கொடுத்ததுதான் ஆட்சேபணை.

மலையில்

ஏற்காடு மலையில் நாகலூர், மாரமங்கலம், வெள்ளக்கடை பக்கத்துச் சிற்றூர்களுக்கு ரோடு கேட்டால் "வனத்துறை விடாது" என்று பிரதிநிதிகளே கைவிரிக்கிறார்கள். 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, ரோடு, பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர்க் குழாய் உள்ளிட்ட 13 வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தைத் தர இடம் கொடுக்கிறது. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். தீர்மானத்தில் "ரோடு வேண்டும்" என்று மட்டும் எழுதிவிடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. எந்தப் பிரிவு, எங்கிருந்து எங்கே, நீளம், அகலம், மரங்களின் எண்ணிக்கை எல்லாம் தீர்மானத்திலேயே வர வேண்டும். 800 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம் என்றால் 0.48 ஹெக்டேர், வரம்புக்குள் அடங்கிவிடும்.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். ஊராட்சி விதிப்படி மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை என்றால் 100 பேரும், 3,001 முதல் 10,000 வரை என்றால் 200 பேரும் வந்திருக்க வேண்டும்; வன உரிமைத் தீர்மானத்துக்கு உறுப்பினர்களில் பாதிப் பேராவது வர வேண்டும். ஆள் குறைந்தால் தீர்மானம் செல்லாது. எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். 2019-இல் தேர்வான ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்து தனி அலுவலர்களிடம் பொறுப்பு போனபோது, இனிக் கிராம சபை எதற்கு என்று பலரும் நினைத்தார்கள். தலைவர் இல்லாவிட்டாலும் சபை சபைதான்.

கொடுத்த பிறகு

ஒரு மனுவில் ஒரு கோரிக்கை மட்டும். ரோடு, பஸ், பட்டா மூன்றையும் ஒன்றாக எழுதினால் ஒரு துறைக்குப் போய், ஒன்றுக்குப் பதில் எழுதி முடித்துவிடுவார்கள். கவுன்சிலரிடமோ, திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்திலோ, எங்கே கொடுத்தாலும் உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். மாநகராட்சி மன்றத்தில் நிறைவேறிவிட்டது என்றால் தீர்மான எண் கேளுங்கள். எண் இல்லையென்றால் நிறைவேறவில்லை.

பதிலே வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தின் நகலைக் கேளுங்கள்: எஸ்டிமேட், பணி ஆணை, முடிந்த வேலையின் அளவைப் பொறியாளர் பதியும் அளவைப் புத்தகத்தின் பக்கங்கள். அளவைப் புத்தகத்தில் 5 மீட்டர் அகலம் என்று எழுதியிருந்தால், டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் மூன்று இடத்தில் அளந்து, அந்தக் கணக்கோடு அடுத்த பகுதி சபாவுக்குப் போங்கள்.