ரேழியில் சார்ஜ் போடாதீர்கள்

கும்பகோணத்தில் சித்தப்பா வீடு பழைய தெருவீடு. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், கொல்லை என்று ஒரே கோடாக நீளும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். இரவானால் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரை ரேழிக்குள் ஏற்றி, வாசல் கதவைத் தாழிட்டு, சார்ஜ் போட்டுவிட்டுப் படுத்துவிடுவார். திருட்டுப் பயம்தான். தஞ்சாவூர், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று எங்கே போனாலும் இந்த வழக்கத்தைப் பார்க்கிறேன். தவறுகளிலேயே என்னைப் பயமுறுத்துவது இதுதான்.

லித்தியம் அயான் பேட்டரிக்குள் நிறைய செல்கள். ஒவ்வொரு செல்லிலும் இரண்டு முனைகளையும் பிரித்து வைத்திருப்பது மெல்லிய பிளாஸ்டிக் தாள். அதைச் சுற்றி எளிதில் தீப்பற்றும் திரவம். அடிபட்டோ சூடேறியோ அந்தத் தாள் கெட்டால் உள்ளேயே ஷார்ட் ஆகி, ஒரு செல்லின் சூடு அடுத்த செல்லைப் பற்றவைக்கும். வரும் புகை நச்சு. அது ரேழியில் நடந்தால், கூடத்தில் தூங்குகிறவர்களுக்கு வாசல் வழி அடைபட்டுவிடும். மிச்சம் கொல்லைக் கதவு. அதன் பூட்டுச் சாவி எங்கே இருக்கிறது என்று இருட்டில், புகையில் தேட முடியுமா?

அதனால் சித்தப்பாவிடம் மல்லுக்கு நின்றேன். இப்போது சாயங்காலமே, எல்லோரும் விழித்திருக்கும்போது, கொல்லைப்புறச் சிமெண்ட் தரையில் சார்ஜ் போடுகிறார். கீற்றுக் கொட்டகை, வைக்கோல் போர், நெல் மூட்டை பக்கம் மட்டும் வேண்டாம். சித்திரை வெயிலில் ஓட்டி வந்த வண்டியை உடனே சார்ஜ் போடுவதும் தவறு. அரைமணி நேரமாவது நிழலில் ஆறட்டும்.

அடுத்தது சார்ஜர். பழைய ஆசிட் பேட்டரி வண்டியின் சார்ஜர் ‘48 வோல்ட்தானே’ என்று லித்தியத்துக்கு மாட்டுகிறார்கள். ஒரு செல் தாங்குவது பொதுவாக 4.2 வோல்ட். வரிசையாக 13 செல் உள்ள பேட்டரி 54.6 வோல்ட்டில் நிரம்பிவிடும். ஆசிட் சார்ஜரோ 58 வோல்ட் வரை தள்ளும். வண்டியோடு வந்த சார்ஜர் கெட்டால் அதே கம்பெனி சார்ஜரையே வாங்குங்கள்.

செல்போனைத் தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் போடாதீர்கள். பின்மூடி லேசாகத் தூக்கியிருக்கிறதா, மேஜையில் மல்லாக்க வைத்தால் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். அதை அமுக்கக்கூடாது, குத்தக்கூடாது, குப்பையிலும் போடக்கூடாது; சார்ஜை நிறுத்திவிட்டு சர்வீஸ் கடையில் கொடுத்துவிடுங்கள்.

வெள்ளத்தை எப்படிச் சொல்லாமல் விடுவது? 2018 கஜா புயலில் நாள்கணக்காகக் கரண்ட் இல்லாமல் தவித்தவர்கள் நாம். கரண்ட் வந்ததும் நனைந்த வண்டியையோ பவர் பேங்கையோ சார்ஜில் மாட்டத்தான் கை போகும். மாட்டாதீர்கள். தண்ணீர் புகுந்த பேட்டரி, அதுவும் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புத்தண்ணீர் என்றால், காய்ந்த பிறகு பல நாள் கழித்துக்கூடத் தீப்பிடிக்கலாம். வீட்டைவிட்டுத் தள்ளி வெட்டவெளியில் வைத்துவிட்டு, மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள்.

அப்படியும் வண்டி பேட்டரி புகைய ஆரம்பித்தால், சரி, மண்ணைக் கொட்டிப் பார்ப்போம் என்று நிற்காதீர்கள். சூடு உள்ளேயிருந்து வருவதால் மண் அதை அடக்காது. ஆட்களை வெளியேற்றி, கதவைச் சாத்திவிட்டு 101-ஐ அழையுங்கள்; எரிவது லித்தியம் பேட்டரி என்பதைச் சொல்லிவிடுங்கள். அணைந்த பிறகும் சில மணி நேரம் கழித்து மறுபடி பற்றக்கூடும். அந்த வண்டியை அன்றைக்கு வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.