இன்று காலையே கொடிமலை: பிள்ளைகளோடு திடீரென ஏறுபவர்களுக்கு

ஞாயிறு காலை ஆறரை மணிக்கு எழுந்துதான் முடிவெடுத்தீர்கள் என்றாலும் பிள்ளைகளோடு பினாங்குக் கொடிமலையை ஏறலாம். ஏழரைக்குள் தாவரவியல் பூங்கா வாசலில் நின்றால் போதும். எட்டரை ஆகிவிட்டதா, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளுங்கள். இடிமழை பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான் வரும். தாமதமாகக் கிளம்பினால் அந்த நேரம் பாதையின் மேல்பாதியில், ஒதுங்க இடமில்லாமல் மாட்டிக்கொள்வோம்.

பூங்கா வாசலிலிருந்து உச்சி வரை ஜீப் பாதை 5 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஏற்றம் ஏறக்குறைய 650 மீட்டர். அதாவது 100 மீட்டர் நடக்கும்போது 13 மீட்டர் மேலே போகிறோம். தார்ச்சாலைதானே என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். பழகிய பெரியவருக்கு 2 மணி நேரம் போதும். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளையோடு 3 முதல் 3½ மணி நேரம் ஆகும். ஐந்து, ஆறு வயதுக்காரர்களை இதற்கு அழைத்துப் போகாதீர்கள். பாதி வழியில் தூக்கச் சொல்லி அழுவார்கள், இந்தச் சரிவில் 18 கிலோவைத் தூக்கிக்கொண்டு இறங்குவது ஆபத்து. அவர்களுக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளே அருமையான மலையேற்றம்: ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள், வழியில் உட்கார இடம், மேலே போனால் ஊரே தெரியும்.

பூங்கா வாசலுக்குச் சற்று முன்னால் மூன் கேட் என்ற வட்ட வாசல் இருக்கிறது. அங்கே தொடங்கும் காட்டுப்பாதை மேலே போய் ஜீப் பாதையோடு சேரும். வேர், கல், படி, நிழல் என்று கால் வைக்கும் இடமெல்லாம் மாறிக்கொண்டே இருப்பதால் பிள்ளைகள் தார்ச்சாலையைவிட இதில்தான் உற்சாகமாக நடப்பார்கள். ஆனால் முந்தின இரவு மழை பெய்திருந்தால் வேண்டாம். ஈர வேர் சோப்புப் போல வழுக்கும், அட்டையும் ஏறும். அன்று ஜீப் பாதையே சரி. வண்டி வரும் என்பதால் வளைவுகளில் பிள்ளையின் கையை விடாதீர்கள்.

பைக்குள் போக வேண்டியவை: பிள்ளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர், பெரியவருக்கு ஒன்றரை லிட்டர், ஆளுக்கொரு மாற்றுச் சட்டை, மழைக்கோட்டு, பிளாஸ்டர், சிறு பொட்டலம் உப்பு, பெரியவரின் அடையாள அட்டையான மைகார்டு, பிள்ளையின் மைகிட். மாற்றுச் சட்டையை மறக்கவே கூடாது. உச்சியில் அடிவாரத்தைவிட 4, 5 பாகை குளிர்ச்சி. வேர்வையில் நனைந்த பிள்ளை காற்று பட்டதும் நடுங்கத் தொடங்கிவிடும். சாப்பாட்டுக்குப் புளிச்சோறு, வாழைப்பழம், பிஸ்கட். நாசி லெமாக் வேண்டாம், தேங்காய்ப்பால் சோறு வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும். எல்லாம் முதுகுப்பையில் இருக்கட்டும். கையில் பிளாஸ்டிக் பை தொங்கினால் குரங்கு நேராக அதைப் பறிக்க வரும். பறித்தால் விட்டுவிடுங்கள், இழுத்தால்தான் கடிக்கும்.

காலணி புதிதாக வாங்க வேண்டியதில்லை. அடிப்பாகம் தேயாத பள்ளிக் காலணியே போதும், காட்டுப்பாதை என்றால் ‘அடிடாஸ் கம்போங்’ ரப்பர் காலணி நன்றாகப் பிடிக்கும். அதற்குத் தடித்த காலுறை தேவை. இல்லாவிட்டால் குதிகால் கொப்புளித்துவிடும்.

முதல் இருபது நிமிடம் பிள்ளைகள் ஓடுவார்கள். பெரும்பாலும் பிறகு சோர்ந்துபோவதற்குக் காரணம் அந்த ஓட்டமே. மிக மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள், மற்றவர்கள் அவர் வேகத்தில் வரட்டும். 20 நிமிடத்துக்கு ஒரு முறை 5 நிமிட ஓய்வு, நாலு மிடறு தண்ணீர். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பேசிக்கொண்டே வந்த பிள்ளை திடீரென்று அமைதியானாலோ, தலை வலிக்கிறது என்றாலோ நிழலில் உட்கார வைத்து, கழுத்தையும் முகத்தையும் நனைத்துவிடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் ஏற்றம் அத்தோடு முடிந்தது.

திரும்பும் நேரத்தைக் கீழேயே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்: புறப்பட்டு 2 மணி நேரத்தில் பாதி வழி வராவிட்டால் இறங்குகிறோம். மேலே வந்து சொன்னால் அழுகை வரும், பெரியவர்களுக்கும் மனம் கேட்காது. இடி கேட்டால் பாதி வழிக் கணக்கெல்லாம் பார்க்காமல் இறங்கிவிடுங்கள், தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

உச்சி சேர்ந்தால் நடந்து இறங்க வேண்டாம். சிறு முழங்காலை ஏற்றத்தைவிட இந்தச் செங்குத்தான இறக்கம்தான் அதிகம் வருத்தும். உச்சியில் உள்ள முருகன் கோயிலருகே சற்று இளைப்பாறிவிட்டு, கீழே இறங்கும் மலை ரயிலுக்கு ஒருவழி டிக்கெட் எடுங்கள். மலேசியர் கட்டணத்துக்கு மைகார்டு, மைகிட் இரண்டும் காட்ட வேண்டிவரும். வார இறுதியில் மாலை வரிசை நீளும், அதனால் மதியத்துக்கு முன்பே இறங்குவது நல்லது. ரயில் உங்களை ஆயர் ஈத்தாமில் விடும், காரோ பூங்கா வாசலில் நிற்கும். காரிடம் திரும்பிப் போக கிராப் வாடகைக் காருக்கான காசை முதலிலேயே ஒதுக்கி வையுங்கள். வண்டியில் ஏறுமுன் காலுறையைக் கழற்றி, கணுக்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். அட்டை ஒட்டியிருந்தால் பிடித்து இழுக்காமல் உப்பைத் தூவுங்கள், விழுந்துவிடும். பிறகு கடிவாயைக் கழுவிப் பிளாஸ்டர் போடலாம். இரத்தம் கொஞ்ச நேரம் கசிவது வழக்கம்தான்.