வால்பாறை மலைப்பாதையில் ஸ்போர்ட்ஸ் கார்களின் குழுப் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையில் விடியுமுன் புறப்பட்டு, பொள்ளாச்சி, ஆழியார் வழியாக வால்பாறைக்கு ஏறி, பொழுது சாய்வதற்குள் சமவெளிக்கு இறங்கிவிடும் ஒரு நாள் பயணம், ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் குழுவாகச் செல்ல மிகவும் ஏற்றது. ஆழியாற்றுக்கு மேலே தொடங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளும், ஏற ஏறக் கீழே விரியும் அணைநீரும், அதற்கப்பால் வரும் தேயிலைத் தோட்டங்களும் தமிழ்நாட்டில் வேறெங்கும் இந்த அளவில் சேர்ந்து அமைந்ததில்லை என்றே நான் கருதுகிறேன். ஆனால் இந்தப் பாதை ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் வழியே செல்கிறது. தோட்டத் தொழிலாளர்களும் பள்ளிப் பிள்ளைகளும் அன்றாடம் நம்பியிருக்கும் பாதையும் இதுதான். இங்கே நேரும் தவறுகளுக்குப் பலரும் காரின் குதிரைத்திறனைக் குறை சொல்கிறார்கள். என் பார்வையில், பெரும்பாலான தவறுகள் கூட்டமாகப் போவதிலிருந்தே பிறக்கின்றன.

முதல் தவறு, எல்லாக் கார்களும் ஒரே வரிசையாக, ஒன்றையொன்று விடாமல் செல்ல வேண்டும் என்று நினைப்பது. முன்னால் செல்பவர் வளைவை 20 கிலோமீட்டர் வேகத்தில் கடந்து, நேர்ச்சாலை கிடைத்ததும் 50-க்கு உயர்த்துகிறார். அந்த நேரத்தில் ஆறாவது கார் இன்னும் வளைவுக்குள்ளேயே நுழைந்திருக்காது. அது வெளியே வரும்போது முன்னவர் கண்ணுக்குத் தெரியாத தொலைவில் இருப்பார். அவரைப் பிடிக்க வேண்டுமானால் ஆறாமவர் அவரைவிட வேகமாக ஓட்டியாக வேண்டும். முன்னால் நிதானமாக ஓட்டினாலும் பின்னால் பதற்றம் கூடிக்கொண்டே போவதற்கு இதுவே காரணம். பாதைக்குப் புதியவரைக் கடைசியில் விடுவது இதனால்தான் பெரும்பிழையாகிறது. அவரை இரண்டாவதாக வைத்து, அவருக்கு ஏற்ற வேகத்தை முன்னவர் கடைப்பிடிக்க வேண்டும்; நன்கு பழகியவர் கடைசியில் வர வேண்டும். பத்துக் கார்கள் இருந்தால் ஐந்து ஐந்தாகப் பிரித்து, இடைவெளி விட்டு அனுப்புவதே முறை. மலையில் பல இடங்களில் கைபேசிக்கு சிக்னல் கிடைக்காது என்பதால், எங்கெங்கே நின்று அனைவருக்காகவும் காத்திருப்பது என்பதைப் புறப்படும் முன்பே பேசி முடிவு செய்துவிட வேண்டும்.

இதோடு ஒட்டியது முந்திச் செல்வதில் வரும் தவறு. முன்னவர் ஒரு பேருந்தைத் தாண்டியவுடன், எதிரே வருவது தெரியாமலேயே அடுத்தவரும் அவர் பின்னால் தாவுகிறார். முன்னவருக்குக் கிடைத்த இடைவெளி அவருக்கு மட்டுமே உரியது. ஒவ்வொருவரும் தம் கண்ணால் பார்த்து, தாமே முடிவெடுக்க வேண்டும்; பின்தங்கினால் யாரும் விட்டுப் போக மாட்டார்கள் என்ற உறுதி குழுவில் இருந்தால்தான் அந்தப் பொறுமை வரும்.

வளைவுகளுக்கிடையே நேரம் குறித்துப் பார்க்கும் வழக்கத்தை நான் முற்றாக எதிர்க்கிறேன். பொதுச் சாலையில் அரசின் எழுத்துபூர்வ அனுமதியின்றிப் பந்தயத்திலோ வேகச் சோதனையிலோ ஈடுபடுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆவது பிரிவின்படி குற்றம். அதோடு, நம் நாட்டுக் கார் காப்பீட்டுப் பத்திரங்கள் பந்தயப் பயன்பாட்டையும் வேகச் சோதனையையும் பொதுவாக விலக்கியே வைத்திருக்கின்றன. நேரம் குறித்த ஒரு காணொளி போதும், இழப்பீடு கேள்விக்குள்ளாகிவிடும். வேகத்தைச் சுவைக்க விரும்புவோருக்குக் கோவைக்கருகே செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத்தடம் இருக்கிறது.

கொண்டை ஊசி வளைவில் அரசுப் பேருந்து திரும்புவதற்குச் சாலையின் முழு அகலமும் தேவைப்படும். அது தெரியாமல் வளைவின் வாய் வரை மூக்கை நீட்டி நிற்பவர், பேருந்தையும் தம்மையும் சேர்த்து மாட்டிவிடுகிறார். வளைவுக்கு முன்பே, பேருந்து ஓட்டுநர் பார்க்கும்படி ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். குறுகலான இடத்தில் ஏறி வரும் வாகனத்துக்கே முன்னுரிமை. இறங்குபவர்தான் நிற்க வேண்டும். வளைவின் உட்புறம்தான் மிகச் செங்குத்தாக இருக்கும் என்பதால், தாழ்வான கார்கள் அந்த ஓரத்தை ஒட்டித் திரும்பினால் அடிப்பகுதி உரசும். அதற்காக எதிர்த்தடத்துக்குப் போய் வளைப்பதும் கூடாது. தம் தடத்துக்குள்ளேயே, வேகத்தை நன்றாகக் குறைத்து, கொஞ்சம் வெளிப்பக்கமாகத் திரும்ப வேண்டும். இரட்டை கிளட்ச் கியர்பெட்டி (இரண்டு கிளட்ச்சுகளைக் கொண்டு தானே கியர் மாற்றும் வகை) உள்ளவர்கள் ஏற்றத்தில் பேருந்தின் பின்னால் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் கிளட்ச் சூடேறிவிடும். பிரேக் பிடித்து நின்று, இடைவெளி விழுந்த பிறகு நகர்வது நல்லது.

இறக்கத்துக்கு வருவோம். ஏறும்போது எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள். சாப்பிட்டுவிட்டு இறங்கும்போதுதான் பிரேக்கை மட்டுமே நம்பி ஓட்டுகிறார்கள். இரண்டாவது கியரிலேயே, தேவையானால் முதல் கியரிலும், இன்ஜினே காரை இழுத்துப் பிடிக்கும்படி இறங்க வேண்டும். ஆட்டோமேட்டிக் காரானால் மேனுவல் நிலைக்கு மாற்றி, வளைவுக்குள் நுழையும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டே நெடுந்தூரம் இறங்குவதைவிட, உறுதியாக ஒருமுறை அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுவது பிரேக் டிஸ்க்குகள் ஆறுவதற்கு இடம் தரும்.

ஸ்போர்ட்ஸ் கார்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவை அதிகம் ஓடுவதில்லை. அதனாலேயே, ‘கிலோமீட்டர் ஓடவில்லையே’ என்று பிரேக் ஆயிலை மாற்றாமல் விட்டுவிடுகிறார்கள். பிரேக் ஆயிலோ நின்ற இடத்திலேயே காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 (DOT 4) வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த வரம்பு 155 டிகிரிதான். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். எனவே பெடல் தரை வரை இறங்கும், கார் நிற்காது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றிவிட வேண்டும். பந்தயத்தடத்துக்கான பிரேக் பேட்களைப் போட்டுக்கொண்டு மலைக்கு வருவதும் தவறு; அவை சூடேறும் வரை சரியாகப் பிடிக்காது. இறங்கி முடித்ததும் உடனே நிறுத்தாமல் சமவெளியில் சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி ஆறவிட வேண்டும். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது விரிசல் விடக்கூடும்.

டயரிலும் இதே கதைதான். பட்டன் தேயாமல் இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. பக்கவாட்டில் நான்கு இலக்கத்தில் தயாரிப்புக் காலம் அச்சிடப்பட்டிருக்கும்; 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பழைய ரப்பர் இறுகிப்போய், ஈரச் சாலையில் பிடிமானம் தராது. கவர்க்கல் பகுதியில் மூடுபனி திடீரென்று இறங்கும். அப்போது ஹைபீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும் என்பதால், லோபீமில் மெதுவாகச் செல்ல வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களில் இந்தப் பயணத்தைத் திட்டமிடாமல் இருப்பதே என் பரிந்துரை.

படம் எடுப்பதற்காக வளைவிலேயே கார்களை வரிசையாக நிறுத்துவது எவ்வளவு ஆபத்தானது என்று விளக்கத் தேவையில்லை. ஒன்பதாவது வளைவில் உள்ள காட்சிமுனையில் நிறுத்தலாம். அங்கே வரையாடுகள் சாலையோரம் வரை வரும். அவற்றை நெருங்குவதோ, தின்பண்டம் தருவதோ, படத்துக்காக இன்ஜினை உறுமவிடுவதோ கூடாது. வால்பாறையை நெருங்கும்போது புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும். உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் இந்த உயிரினம் நம் சக்கரத்தில் சிக்கினால், அதற்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். வால்பாறைக்கு இ-பாஸ் (இணையவழி நுழைவுச் சீட்டு) நடைமுறை இருப்பதால் ஒவ்வொரு காருக்கும் தனித்தனியே முன்பே பதிவு செய்ய வேண்டும். ஒருவருடைய பாஸ் விட்டுப்போனாலும் குழு முழுவதும் ஆழியார் சோதனைச்சாவடியில் காத்து நிற்க நேரும். உயர் ஆக்டேன் பெட்ரோல் தேவைப்படும் கார்களுக்குச் சமவெளியிலேயே டேங்கை நிரப்பிவிட வேண்டும். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் ஸ்டெப்னி கிடையாது. பஞ்சர் கிட் பக்கவாட்டுக் கிழிசலுக்கு உதவாது. ஆகவே தாழ்வான காரை ஏற்றக்கூடிய, படுக்கை மேடை உள்ள மீட்பு வண்டியின் எண்ணை எல்லோரும் காகிதத்திலேயே குறித்து வைத்திருக்க வேண்டும். வளைவுகளில் எண் பலகைகள் இருப்பதால், ‘27-ஆவது வளைவுக்கு மேலே’ என்று சொன்னாலே இடம் புரிந்துவிடும். அந்த வண்டி பொள்ளாச்சியிலிருந்து ஏறி வந்து, இருட்டுமுன் காரை இறக்க வேண்டும் என்பதையும் கணக்கில் கொண்டு, மாலை மூன்று மணிக்கே வால்பாறையை விட்டுக் கிளம்பிவிட வேண்டும்.