வீட்டிலேயே கார் கிளட்ச் மாற்றுவது எப்படி: கடைசி ஒரு விரல் இடைவெளிதான் கண்டம்

கிளட்ச் மாற்றும் வேலையில் முக்கால்வாசி நேரம் கழற்றுவதிலேயே போய்விடும். ஆனால் தவறு நடப்பது அங்கே இல்லை. எல்லாம் முடிந்து, கியர் பாக்ஸை மறுபடி எஞ்சினோடு சேர்க்கும்போது ஒரு விரல் இடைவெளி விழுந்து, அதற்குமேல் உள்ளே போகமாட்டேன் என்று நிற்குமே, அங்கேதான் நடக்கிறது. அந்த இடத்துக்கு வரும்போது நீங்கள் நிதானமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் முன்சக்கர இழுவை உள்ள, மேனுவல் கியர் காருக்கு. கழற்றும் வரிசையும் போல்ட் இறுக்க அளவும் மாடலுக்கு மாடல் மாறும். உங்கள் காருக்கான சர்வீஸ் மேனுவல் கையில் இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம்.

முதலில், கிளட்ச்தான் போயிருக்கிறதா?

காலியான சாலையில் நாலாவது கியரில் மிதமான வேகத்தில் போகும்போது ஆக்ஸிலேட்டரை நன்றாக மிதியுங்கள். எஞ்சின் மட்டும் இரைந்து, வண்டி வேகம் எடுக்காவிட்டால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது. கேபிள் கிளட்ச் என்றால் பெடலில் கொஞ்சமாவது ஃப்ரீ பிளே (கிளட்ச் விட ஆரம்பிக்கும் முன் பெடல் சும்மா நகரும் தூரம்) இருக்கிறதா என்று பாருங்கள். கேபிள் அதிகம் இறுகியிருந்தாலும் இதே மாதிரி ஸ்லிப் ஆகும். அட்ஜஸ்ட் செய்தால் சரியாகிவிடும். கியர் விழ மறுப்பது வேறு கதை. அதற்குக் கேபிள், ஆயில் கசிவு, ஹைட்ராலிக் லைனில் (ஆயில் அழுத்தத்தால் கிளட்சை இயக்கும் குழாயில்) காற்று இவற்றை முதலில் சந்தேகப்படுங்கள். பெடலை மிதிக்கும்போது மட்டும் கரகரவென்று சத்தம் வந்தால் பெரும்பாலும் ரிலீஸ் பேரிங், அதாவது பெடலை மிதிக்கும்போது உள்ளே அழுத்தி கிளட்சை விடவைக்கும் பேரிங்.

வாங்க வேண்டியவை

கிளட்ச் பிளேட் (உராய்ந்து சுழற்சியைக் கடத்தும் தட்டு), பிரஷர் பிளேட் (அதை எஞ்சின் பக்கமாக அழுத்திப் பிடிப்பது), ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பேரிங் மட்டும் பழசாக இருக்கட்டும் என்று மிச்சம் பிடித்தால், ஆறு மாதத்தில் அதற்காக மறுபடி முழுக் கியர் பாக்ஸையும் இறக்க நேரிடலாம். கூடவே பிளேட்டை நடுவில் நிறுத்த உதவும் சென்டரிங் டூல், கியர் ஆயில், டிரைவ் ஷாஃப்ட் ஆயில் சீல்கள், பிரேக் கிளீனர், போல்ட்டை அளவோடு இறுக்க டார்க் ரெஞ்ச். கியர் பாக்ஸைத் தாங்க ஒரு ஜாக்கி, எஞ்சினைத் தாங்க இன்னொன்று, காரைத் தாங்க உறுதியான ஸ்டாண்டுகள். ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள். சின்னக் காரின் கியர் பாக்ஸே 30 கிலோவுக்கு மேலும் இருக்கலாம், அதனால் உதவிக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும்.

இறக்குவது

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். டிரைவ் ஷாஃப்ட் நட்டை, சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிடுங்கள். வண்டியைத் தூக்கிய பிறகு அந்த நட்டோடு மல்லுக்கட்டினால் ஸ்டாண்டு நழுவலாம். பிறகு காரைத் தூக்கி, கியர் ஆயிலை வடித்து, டிரைவ் ஷாஃப்ட்களை வெளியே எடுங்கள். கியர் கேபிள்கள், ரிவர்ஸ் லைட் சுவிட்ச் ஒயர், ஸ்பீடு சென்சார், எர்த் ஒயர், ஸ்டார்ட்டர் மோட்டார் என்று ஒவ்வொன்றாக வரும். ஒவ்வொன்றையும் கழற்றுவதற்கு முன் போனில் படம் எடுங்கள். பெல் ஹவுசிங் (கியர் பாக்ஸ் எஞ்சினோடு சேரும் மணி வடிவக் கூடு) போல்ட்கள் பல நீளங்களில் இருக்கும். ஒரு அட்டையில் கியர் பாக்ஸின் வட்டத்தை வரைந்து, எந்த போல்ட் எங்கிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே குத்தி வையுங்கள்.

ஹைட்ராலிக் கிளட்ச் என்றால், ஸ்லேவ் சிலிண்டரை (கியர் பாக்ஸ் பக்கம் கிளட்சைத் தள்ளும் சிலிண்டர்) கழற்றிய பிறகு யாரும் பெடலை மிதிக்கக் கூடாது. பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

கியர் பாக்ஸ் மவுண்டைக் கழற்றும் முன், எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் தாங்குங்கள். பிறகு கியர் பாக்ஸை நேராக இழுங்கள். கிளட்ச் பிளேட்டின் நடுவே நுழைந்திருக்கும் இன்புட் ஷாஃப்ட் முழுதாக வெளியே வரும்வரை அதன் எடை கிளட்ச் பிளேட்டில் தொங்கக் கூடாது.

உள்ளே பார்க்க வேண்டியவை

கிளட்ச் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய பிளேட்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். மாஸ்க் போட்டு, பிரேக் கிளீனர் நனைத்த துணியால் துடைத்தெடுங்கள்.

எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரமான ஃபிளைவீலில் நீலநிற சூட்டுப் புள்ளிகள், விரிசல், ஆழமான கோடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சாதாரண ஃபிளைவீலை லேத்தில் கொடுத்துச் சமன் செய்யலாம், டூயல் மாஸ் வகை (இரண்டு பாகங்களை ஸ்பிரிங்குகளால் இணைத்தது) என்றால் பொதுவாக மாற்றத்தான் வேண்டும். பின்பக்க கிராங்க் ஆயில் சீல் கசிந்திருந்தால் இப்போதே மாற்றுங்கள். அந்த எண்ணெய் புதுப் பிளேட்டில் பட்டால், நீங்கள் செய்த வேலை முழுக்க வீண்.

புதிய பிளேட்டை மாட்டுவது

இங்கேதான் நான் முதல்முறை செய்தபோது ஒரு முழுநாளை இழந்தேன். பிளேட்டைத் திருப்பி மாட்டிவிட்டேன். கியர் பாக்ஸ் ஏறியது, போல்ட் எல்லாம் இறுகியது. பெடலை மிதித்தால் கிளட்ச் விடவே இல்லை, எஞ்சின் ஓடும்போது ஒரு கியரும் விழவில்லை. எல்லாவற்றையும் இறக்கிய பிறகுதான், பிளேட்டின் மேலேயே எந்தப் பக்கம் ஃபிளைவீலை நோக்க வேண்டும் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்தேன். இப்போதெல்லாம் மாட்டும் முன் அந்த எழுத்தை வாய்விட்டுப் படிக்கிறேன். எழுத்து இல்லாவிட்டால், ஸ்பிரிங்குகள் துருத்திக்கொண்டிருக்கும் பக்கம் பெரும்பாலும் கியர் பாக்ஸை நோக்கியிருக்கும். பழைய பிளேட் எப்படி இருந்தது என்ற படம் இருந்தால் ஒப்பிடுங்கள்.

புதுப் பிரஷர் பிளேட்டில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய்ப் படலம் பூசியிருப்பார்கள். அதை பிரேக் கிளீனரால் எடுத்துவிடுங்கள். சென்டரிங் டூலைப் பிளேட்டின் நடுவே நுழைத்து, பிரஷர் பிளேட்டை வைத்து, போல்ட்களை எதிரெதிராக ஒவ்வொரு சுற்றாக இறுக்குங்கள். ஒரே பக்கமாக இறுக்கினால் அது வளைந்துவிடும். இன்புட் ஷாஃப்ட்டின் பற்களில் கிரீஸ் மெல்லிய பூச்சாக மட்டும். அதிகமானால் சுழலும்போது தெறித்து பிளேட்டில் ஒட்டி, வண்டி எடுக்கும்போது உதறும். ரிலீஸ் பேரிங், அதைத் தள்ளும் ஃபோர்க்கின் கிளிப்பில் சரியாக உட்கார்ந்ததா என்று கையால் அசைத்துப் பாருங்கள்.

அந்த ஒரு விரல் இடைவெளி

கியர் பாக்ஸை மேலே தூக்கி உள்ளே தள்ளினீர்கள். சட்டென்று நின்றுவிட்டது. "போல்ட்டைப் போட்டு இறுக்கினால் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும்" என்று தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பெல் ஹவுசிங்கின் காது உடையலாம், பிளேட்டின் நடு ஹப் வளையலாம். சில ஆயிரம் ரூபாய் பொருளோடு முடிய வேண்டிய வேலை, கியர் பாக்ஸ் மாற்றுவதில் போய் முடியும்.

உள்ளே ஏறாததற்குக் காரணம் பொதுவாக மூன்றே. கோணம் சரியில்லை: சுற்றிலும் இடைவெளி ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்த்து ஜாக்கியை ஏற்றி இறக்குங்கள். ஷாஃப்ட் பற்கள் பொருந்தவில்லை: கியர் ஒன்றில் போட்டு, உதவிக்கு இருப்பவரை எஞ்சினைக் கிராங்க் போல்ட்டில் மெதுவாகத் திருப்பச் சொல்லி, நீங்கள் தள்ளிக்கொண்டே இருங்கள். பிளேட் நடுவில் இல்லை: கீழே இறக்கி, பிரஷர் பிளேட்டைத் தளர்த்தி, மறுபடி சென்டர் செய்யுங்கள். அலுப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் வேறு வழியில்லை. இடைவெளி முழுதாக மூடிய பிறகுதான் போல்ட்டில் ஸ்பேனர் வைக்க வேண்டும்.

ஸ்டார்ட் செய்யும் முன்

கியர் ஆயில் ஊற்றினீர்களா? இதை மறந்து ஓட்டினால் கியர் பாக்ஸ் நாசம். எர்த் ஒயரை விட்டுவிட்டால் ஸ்டார்ட்டர் சுற்றாது, அல்லது மந்தமாகச் சுற்றும். ஹைட்ராலிக் பெடல் பஞ்சுபோல அமுங்கினால் லைனில் காற்று இருக்கிறது, பிளீட் செய்து அதை வெளியேற்றுங்கள். ஸ்டாண்டில் இருக்கும்போதே, எஞ்சினை ஓடவிட்டு, பெடலை மிதித்து எல்லா கியரும் போட்டுப் பாருங்கள். ரிவர்ஸ் கியர் கிரீச்சென்றால் கிளட்ச் முழுதாக விடவில்லை என்று அர்த்தம்.

முதல் சில நூறு கிலோமீட்டருக்கு மேட்டில் பாதிக் கிளட்சில் நிறுத்தி வைப்பதையும், பாரம் இழுப்பதையும் தவிருங்கள். லேசான கருகல் வாடை முதல் நாளில் வரலாம், அது தங்கக் கூடாது. கேபிள் கிளட்ச் என்றால் அதன் பிறகு ஃப்ரீ பிளேயை மறுபடி அளந்து பாருங்கள். புதுப் பிளேட் படிந்துகொள்ளும்போது அது குறையும்.