பழைய லேப்டாப்பை எப்போது மாற்றுவது?

லேப்டாப் மந்தமாகிவிட்டது என்று புதியதற்குப் பணம் புரட்டுமுன், அதில் எந்த உறுப்பு மந்தம் என்று பாருங்கள். ஆன் செய்து பத்து நிமிடம் சும்மா விடுங்கள். தொடக்கத்தில் அப்டேட்டும் வைரஸ் சோதனையும் ஓடுவதால் அப்போது தெரியும் அளவுகள் ஏமாற்றும். பிறகு வழக்கமாகத் திறப்பதையெல்லாம் திறந்துவைத்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போங்கள்.

டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறதா? உள்ளே ஹார்ட் டிஸ்க் இருந்தால் குற்றவாளி பெரும்பாலும் அதுதான். நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க் நொடிக்குச் சுமார் 100 எம்பி படிக்கும். அதற்குப் பதிலாகப் போடக்கூடிய, சுழலும் பாகமில்லாத சாட்டா எஸ்எஸ்டி (சாட்டா என்பது இணைப்பு வகை) 500 எம்பி வரை படிக்கும். அதைவிடப் பெரிய லாபம், சிதறிக் கிடக்கும் சின்னக் கோப்புகளைத் தேடி, படிக்கும் முனையான ஹெட் அலைய வேண்டியதில்லை என்பது. இரண்டரை அங்குல, 7 மி.மீ. தடிமனுள்ள சாட்டா எஸ்எஸ்டி பெரும்பாலான பழைய லேப்டாப்புகளில் அப்படியே உட்காரும். சின்னப் பட்டை வடிவ எஸ்எஸ்டிக்கான எம்.2 இடம் இருந்தால், அது சாட்டாவா, அதைவிட வேகமான என்விஎம்இயா என்று மாடல் விவரத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் வகை மாறினால் வேலை செய்யாது. பழைய டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டால் முழு டிஸ்க்கையும் அப்படியே நகலெடுக்கும் (குளோன்) யோசனையை விட்டுவிட்டு, முக்கியமான கோப்புகளை முதலில் வெளியே எடுங்கள்.

மெமரி 90 சதவீதத்தைத் தாண்டினால் ராம் போதவில்லை; கூட்டுமுன் அதன் வகையைப் பாருங்கள். டிடிஆர்3எல், டிடிஆர்4 என்ற இரண்டு ராம் வகைகளுக்கும் வெட்டு இருக்கும் இடம் வேறு, ஒன்றின் இடத்தில் மற்றது நுழையாது. மெல்லிய மாடல்கள் பலவற்றில் ராம் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், அங்கே வழியில்லை.

சிபியு 100 சதவீதத்தில் முட்டினால் உடனே லேப்டாப்பைக் கைவிடாதீர்கள். வேலை கனக்கும்போது 'ஸ்பீட்' அளவு 'பேஸ் ஸ்பீட்'டுக்கு வெகு கீழே இறங்கினால், சூடு தாங்காமல் அது தன்னைத்தானே குறைத்துக்கொள்கிறது என்று சந்தேகிக்கலாம். ஃபேன் தூசியை நீக்கி, சிபியுவின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் அதையும் மாற்றினால் வேகம் திரும்பும். பொருந்தாத சார்ஜர் போட்டாலும் சில மாடல்கள் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

டச்பேட் மேலெழும்பினாலோ மூடி சரியாக மூடாவிட்டாலோ பேட்டரி உப்பியிருக்கக்கூடும். அன்றே சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். குத்தவோ அழுத்தவோ கூடாது. இது காத்திருக்கக்கூடிய பழுதல்ல. ஆனால் பேட்டரியை மாற்றினால் போதும், லேப்டாப்பை அல்ல.

அடுத்தது பாதுகாப்பு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும்; இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை முதல்தான். ஐ5-7200யூ ஏழாம் தலைமுறை, ஐ5-8250யூ எட்டாம் தலைமுறை: இவற்றில் கோட்டுக்குப் பின் வரும் முதல் எண்தான் கணக்கு; பத்தாம் தலைமுறை முதல் முதல் இரண்டு எண்கள். தகுதியில்லாத கணினியில் பிரவுசரும் எழுத்து வேலையும் மட்டும்தான் என்றால் விண்டோஸுக்குப் பதில் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் போட்டு இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம். டேலி போல விண்டோஸை நம்பிய மென்பொருள் அவசியமென்றால் லேப்டாப்பை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

மதர்போர்டு போனாலும் லேப்டாப்பையே மாற்றிவிடலாம். மற்றபடி, எல்லாப் பழுதுக்கும் சேர்ந்த செலவு, அதே வேலைக்குப் போதுமான செகண்ட் ஹேண்ட் லேப்டாப் விலையில் பாதியைத் தாண்டினால் பழையதில் பணம் போடாதீர்கள். அப்படி வாங்கும்போது ராம் பற்றவைக்கப்பட்ட மாடல் என்றால் 16 ஜிபிக்குக் குறைந்து எடுக்க வேண்டாம். பின்னால் கூட்ட முடியாது.