சோவியத் சர்வாதிகாரி ஸ்டாலின் பற்றிய நகைச்சுவைப் படத்தை நண்பர்களுக்குக் காட்டும் முன்

'தி டெத் ஆஃப் ஸ்டாலின்' (2017) படத்தை வீட்டில் நாலு பேருக்குப் போட்டுக் காட்டப் போகிறீர்களா? நேராக ஓட விடாதீர்கள். முதல்முறை நான் அப்படித்தான் செய்தேன். பாதியிலேயே ஒரு நண்பர், "செத்தவங்களை வச்சு என்ன சிரிப்பு?" என்று எழுந்து போய்விட்டார். நியாயமான கேள்வி.

இப்போது முதலில் பத்து நிமிடம் பேசுகிறேன். 1937, 1938 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சோவியத் நாட்டில் சுமார் 6.8 லட்சம் பேரைச் சுட்டுக் கொன்றார்கள்; அது அரசின் சொந்தப் பதிவேட்டுக் கணக்கு. ஒரு ஜோக் சொன்னதற்கே, அரசுக்கு எதிரான குற்றங்களுக்கான 58ஆம் சட்டப்பிரிவில் கட்டாய உழைப்பு முகாமுக்கு அனுப்பினார்கள். இவ்வளவு போதும்.

அப்புறம், ஸ்டாலின் அறைக்குள் விழுந்து கிடக்க, காவலர்கள் உள்ளே போகப் பயந்து நிற்கும் காட்சியில் படத்தை நிறுத்துங்கள். அந்தப் பயம் கற்பனை இல்லை. 1953 மார்ச் 1 அன்று இரவு வரை யாரும் உள்ளே போகவில்லை. மருத்துவரைக் கூப்பிடலாம் என்றால், பெயர்பெற்ற மருத்துவர்கள் பலர் பொய் வழக்கில் சிறையில் இருந்தார்கள். இங்கே சிரிப்பு யார் மேல் விழுகிறது என்று கேளுங்கள். என்னைப் பொறுத்தவரை, பயத்தை வளர்த்து அதிலேயே மாட்டிக்கொண்டவர் மேல்தான்.

இரவுக் கைதுக் காட்சிகளில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. யாராவது சிரித்தால் கடிந்துகொள்ளாதீர்கள்.

படம் முடிந்ததும் உடனே கருத்துக் கேட்காமல் தேநீர் கொடுங்கள். 2018 ஜனவரியில் ரஷ்யா இதன் திரையிடல் உரிமத்தை ரத்து செய்ததை அப்போது சொல்லுங்கள். பேச்சு தானாகத் தொடங்கும்.